அவர் முதலில் என்ன செய்தார்?

— தப்பு.

— தப்பா? மெயின் வால்வை மூடறது தப்பா? பதினாலு வருஷமா ஊர் பூரா குழாய் மாட்டறேன். கடைசியில கட்டின பொண்டாட்டிகிட்ட தப்பு வாங்கணும்னு தலையெழுத்து.

— இது குழாய்ப் பாடம் இல்லைங்க, இங்கிலீஷ் பாடம். முதல் கேள்வியை இன்னொரு தடவை படிங்க.

— 'குழாயை மாத்த, அவர் முதலில் என்ன செய்தார்?' மெயின் வால்வை மூடினார். வேற என்ன செஞ்சிருப்பான்? டான்ஸா ஆடியிருப்பான்?

— பத்தியைப் படிச்சீங்களா?

— ...பாத்தேன்.

— பாக்கறதுக்கு அது என்ன சினிமாவா? படிச்சீங்களான்னு கேட்டேன்.

— தலைப்பைப் படிச்சேன். 'புதுக் குழாய்'. கேள்வியை முதல்ல படின்னு நீதானே சொன்ன? அதையும் படிச்சேன். பதில் தெரிஞ்சுது, எழுதிட்டேன். அப்புறம் எதுக்கு நடுவுல அத்தனை வரி?

— கேள்வியைப் படிக்கச் சொன்னது பத்தியில எதைத் தேடணும்னு தெரிஞ்சுக்க. பத்தியையே விட்டுடறதுக்கு இல்ல. ஆமா... போன ரெண்டு பரீட்சையும் இப்படித்தான் எழுதினீங்களா?

— சும்மா இரு.

— சொல்லுங்க.

— முதல் தடவை தண்ணித் தொட்டி கழுவறதைப் பத்தி குடுத்தான். ரெண்டாவது தடவை கழிவுநீர் அடைப்பு. எல்லாம் நமக்குத் தெரிஞ்ச விஷயம்தானேன்னு...

— தெரிஞ்ச விஷயம் வந்து தோத்த ஒரே ஆள் நீங்கதான்.

— சிரிக்காத. மூணு வாய்ப்புதான். நாளைக்கும் இந்த மாதிரி அஞ்சு இங்கிலீஷ் கேள்வியைக் கோட்டை விட்டா பிளம்பர் லைசென்ஸ் கிடையாது. காலம் பூரா மேஸ்திரி பின்னாடி பையைத் தூக்கிட்டு அலைய வேண்டியதுதான்.

— அலைய வேண்டாம்னுதானே உக்காந்திருக்கேன். பென்சிலை எடுங்க. வரிக்கு வரி விரலை வச்சுப் படிங்க. தெரியாத வார்த்தை வந்தா நிக்காதீங்க. கோடு போட்டுட்டுத் தாண்டிப் போங்க. ஒவ்வொரு வரி முடிஞ்சதும் அதை நம்ம பேச்சுல எனக்குச் சொல்லணும்.

— உத்தரவு டீச்சரம்மா. ...'ஒரு நாள் காலையில ஒருத்தர்... சமையலறைக் குழாயை மாத்த நினைச்சார்.'

— ம்.

— 'பெரிய ஸ்பானரால... பழைய குழாயைக் கழட்டினார்.' ...இரு, இரு. கழட்டிட்டானா?

— கழட்டிட்டார்.

— வால்வை மூடாமலா?

— எனக்கென்ன தெரியும்? மேல படிங்க.

— 'அப்புறம் வெளியில போய்... மெயின் வால்வை மூடினார்.' அடப்பாவி! இனிமே மூடினா என்ன, மூடாட்டி என்ன? வீடு நீச்சல் குளம் ஆயிருக்குமே!

— முதல் கேள்விக்குப் பதில்?

— எழுத மாட்டேன்.

— ஏங்க!

— இதைக் கையால எழுதினா தொழில் சாபம் விடும்.

— எதிர்வீட்டுக்காரர் புது வண்டி வாங்கின கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க?

— அதுக்கும் இதுக்கும் என்ன?

— அவர் செஞ்சது முட்டாள்தனம்னுதானே சொன்னீங்க? ஆனா அவர் என்ன செஞ்சார்னு ஒரு அட்சரம் மாத்தாம சொன்னீங்க.

— அது வம்பு.

— இதுவும் வம்புதான்னு நினைச்சுக்குங்க. ஊரான் வீட்டுக் குழாய் வம்பு. நீங்க என்ன செய்வீங்கன்னு யாரும் கேக்கல.

— ...எழுதிட்டேன். இங்கிலீஷ்லயே. 'முதலில் பழைய குழாயைக் கழற்றினார்.' மனசே இல்ல எனக்கு.

— மனசு வேண்டாம், மார்க் போதும். அடுத்தது.

— 'வெள்ளை டேப்பை எடுத்து... குழாயோட திருகு மரை மேல...' இங்க ரயில் மாதிரி நீளமா ஒரு வார்த்தை. கோடு போட்டாச்சு. 'சுத்தினார்.'

— இப்பத் திரும்பி வாங்க. டேப்பைச் சுத்தினார்னு தெரிஞ்சு போச்சு. அப்போ அந்த ரயில் எதைப் பத்திப் பேசும்?

— எத்தனை சுத்துன்னு... இல்ல, எந்தப் பக்கமா சுத்தினார்னு.

— வாய்விட்டுப் படிங்க. பெட்டி பெட்டியா.

— ஆன்...டி... கிளாக்... வைஸ். ஆன்டிகிளாக்வைஸ்! அட, இது நம்ம ஆளு! நாள் பூரா வாயில கிடக்கிற வார்த்தை. எழுத்துல இன்னிக்குத்தான் முகம் பாக்கறேன்.

— பாத்தீங்களா, நான்...

— என்னத்தைப் பாக்கறது? டேப்பை எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கான் மடையன்! முடுக்க முடுக்க அவ்வளவும் அவிழ்ந்து வரும். குழாய் ராத்திரி பகலா கண்ணீர் விடும்.

— அழட்டும். நீங்க மேல போங்க.

— 'கடைசியா பிளாஸ்டிக் நட்டை... உடம்புல இருக்கிற பலத்தை எல்லாம் சேத்து... முடுக்கினார்.' ஐயோ, ஐயோ! பிளாஸ்டிக்கைக் கையால முடுக்கி, அப்புறம் ஸ்பானரால கால்வாசி சுத்து. அதுக்கு மேல போனா விரிசல்! 'வேலை நல்லா முடிஞ்சதுன்னு சந்தோஷமாக் கை கழுவினார்.' எந்தக் குழாயிலடா கழுவின?

— அது கேள்வியில இல்ல.

— இதை எழுதினவனைக் கொண்டு வந்து என் முன்னாடி நிறுத்து. ஜென்மத்துல ஸ்பானரைத் தொட்டிருக்க மாட்டான்.

— எத்தனை தப்பு கண்டுபிடிச்சீங்க?

— மூணு. மூணும் முத்து முத்தா.

— இங்கிலீஷ் படிக்க வராத ஆள், இங்கிலீஷ்ல எழுதினதுல எப்படிங்க மூணு தப்பு கண்டுபிடிச்சார்?

— அப்போ... நான் முழுசாப் படிச்சிட்டேனா?

— ஒரு வரி விடாம. திட்டிக்கிட்டே.

— அடேயப்பா. எந்தப் புஸ்தகத்துல பிடிச்ச இதை?

— புஸ்தகம் எங்க இருக்கு? ஒத்தைத் தாள்தானே.

— ஆமா... டைப் அடிச்ச தாள். உன் ஆபீஸ் தாள் மாதிரி... ஏய்!

— சரியா எழுதிக் குடுத்தா நீங்க படிக்கவே மாட்டேங்கறீங்க. அதான் தப்பாவே எழுதினேன். மூணு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் இதுக்கே போச்சு.

— அந்த மடையன் நீதானா!

— மடையன், அடப்பாவி... எல்லாம் எண்ணி வச்சிருக்கேன். பரீட்சை முடியட்டும்.

— ...நானும் ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க.

— கோவப்படக் கூடாது.

— சொல்லுங்க.

— நாளைக்கு நான் பரீட்சைக்குப் போறதா இல்ல. மூணாவது தடவையும் தோத்துட்டு வந்து உன் முகத்துல முழிக்கத் தெம்பு இல்ல. மேஸ்திரிகிட்ட காலையில ஏழு மணிக்கே வேலைக்கு வந்துடறேன்னு சொல்லிட்டேன். இப்போ வரலைன்னா மனுஷன் காய்ச்சி எடுத்துடுவார்.

— மாட்டார். நீங்க வேலைக்கு வரேன்னு சொன்னதை மூணு நாளைக்கு முன்னாடியே அவர் வீட்டம்மா என்கிட்ட சொல்லிட்டாங்க. நீங்க வர மாட்டீங்கன்னு நான் அவங்ககிட்ட அப்பவே சொல்லிட்டுத்தான் இதை எழுதவே உக்காந்தேன்.