எங்க போட்டாலும் ஓடும்

அநியாயம்ணா! இந்த டப்பாவுக்கும் ஒரு சீட்டு காசு வாங்கிட்டான் ஷேர் ஆட்டோக்காரன். மடிலதான வெச்சிக்கினு கீறேன்? அய்ய, உன் முட்டில இடிக்குதா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோணா... கம்ப்யூட்டரோட சிபியு இது.

டெய்லி இதே ரோதன. காலைல சிங்கப்பெருமாள் கோவில்ல தூக்கிக்கினு ஏறணும், சாயந்தரம் தூக்கிக்கினு எறங்கணும். ஏன்டா தூக்கறன்னு கேளேன்... சரி, நானே சொல்றேன். ஒரகடத்துல ஒரு கம்பெனி கேன்டீன். கார்டு தேச்சா டோக்கன் வரும், டோக்கன் குடுத்தாதான் சோறு. அந்த டோக்கன் சாப்ட்வேர் ஐயா எழுதுனது! எங்க போட்டாலும் ஓடும்னு காண்ட்ராக்டர் கைல சொன்னேன். ஓடிச்சுணா, அப்ப இருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பில ஜம்முனு ஓடிச்சு.

அங்க கம்ப்யூட்டர் பாக்கறான் தளவாய்னு ஒரு திருநெல்வேலிக்காரன். அவன் எல்லா மெஷினையும் மாத்தி விண்டோஸ் செவன் போட்டுட்டான். இன்னா அவசரம்ன்றேன்? நம்ம சாப்ட்வேர் தொறக்கவே இல்ல. "உம்ம சாப்ட்வேரு உம்ம வீட்ட விட்டு வெளிய வராதோ வே?"ன்னு சிரிக்கிறான். வயிறு எரிஞ்சிதுணா! அதான் வூட்டு மெஷினயே தூக்கிக்கினு போறேன். இப்ப எங்க வெச்சாலும் ஓடுதுல்ல? சொன்ன வாக்கு தப்பலயே!

மாத்தி எழுத வேண்டியதுதானன்ற மாரி பாக்கற. எழுதலாம்... நான் எழுதுன சோர்ஸ் கோடு இருந்த பென்டிரைவ்ல மச்சான் பாட்டு ஏத்திட்டான். அவன சொல்லி இன்னா? அழிச்சிட்டு ஏத்திக்கடான்னு குடுத்ததே நாந்தான்.

இன்னொரு கூத்து கேளு. சாப்ட்வேர் தொறக்கும்போது மங்களகரமா நாதஸ்வரம் கேக்கட்டும்னு, என் கல்யாண சிடில இருந்து எடுக்கச் சொல்லி எழுதி வெச்சேன். எழுதறப்ப என் மெஷின் உள்ள அதான் கெடந்திச்சு. கம்பெனி பழைய மெஷின்லயும் அந்த சிடிய போட்டுதான் ஓட்டுனேன். சிடி இல்லன்னா அப்டியே நின்னுடும். கம்பெனி புது மெஷின்ல சிடி போட எடமே இல்லணா! கல்யாணம் ஆவாதவன் எவனோ செஞ்சிருப்பான்.

சிரிக்காத. டோக்கன் வரலன்னா ஷிப்ட்டு மொத்தமும் பட்டினி. காண்ட்ராக்டர் என்ன உரிச்சி தொங்கவுட்டுருவாரு.

சிடி இதுக்குள்ளதான் கீது, காட்டவா? தோ, இந்த சின்ன ஓட்டைல குண்டூசி குத்துனா கரண்டு இல்லாமயே தட்டு வெளிய வரும்...

காலியா கீதுணா.

எவன் எடுத்தது? லீலாவா? என் பொண்டாட்டி இத தொடவே மாட்டாளே... அய்யய்யோ. நேத்து மாமியார் வந்திச்சு. "கல்யாணத்துல உங்க பட்டுப்புடவ எப்டி மின்னுது பாருங்கத்த"ன்னு டிவில போட்டுக் காட்டுனது... நாந்தான். நானேதான்!

இன்னாணா, எறங்கற? ஓ, கம்பெனி கேட்டு வந்திடுச்சா. நீயும் இந்த கம்பெனிதானா? அப்ப மத்தியானம் நம்ம கேன்டீன்ல... ணா! ணா! ஓடாதணா! கைல சோறு கட்டிக்கினு வந்துகீறியா?

ரெண்டு பேருக்கு வருமாணா?