மன்சூர் அலி நின்ற இடம்

என் பெயர் சுடலை. தகப்பனார் பெயர் இசக்கி. வயது ஐம்பத்திரண்டு. பிறந்த தேதி எனக்குத் தெரியாது. ரேஷன் கார்டில் அப்படி இருக்கிறது, அதையே எழுதிக்கொள்ளச் சொன்னேன். சொந்த ஊர் திருநெல்வேலி ஜில்லா. பம்பாய்க்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. தாராவி கிராஸ் ரோட்டுக்குப் பின்னால், மூன்றாவது சந்தில், குழாயடிக்கு எதிர் அறையில் மனைவி கனகவள்ளியோடு குடியிருக்கிறேன். தோல் ஷாப்பில் முகாதமாக இருக்கிறேன். காலையில் எந்த ஆள் எந்தத் தொட்டியில் இறங்க வேண்டும் என்று பிரித்து விடுவது என் வேலை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மராத்தி கேட்டால் விளங்கும், பேச வராது. ஆகையால் நான் தமிழில் சொல்ல, தமிழ் தெரிந்த ஹவால்தார் எழுதிக்கொள்கிறார்.

நேற்று 12-3-1967 ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில், எங்கள் சந்து முனையில் நாகூர் கனியின் டீக்கடை வாசலில், பலசரக்குக் கடை பெரியநாயகத்துக்கு நெற்றியில் அடிபட்டு ஏழு தையல் போட்டிருக்கிறது. அவரைத் தள்ளியதாக மன்சூர் அலியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். தள்ளியது மன்சூர் அலி இல்லை. அதைச் சொல்லத்தான், யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன். அப்படியானால் யார் என்று ஹவால்தார் கேட்டார். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும் என்று சொன்னேன். சுருக்கமாகச் சொல்லும்படி சொன்னார். சரி என்றேன்.

மன்சூர் அலிக்கு வயது முப்பத்திநாலு. எங்கள் தோல் ஷாப்பில் 1955 முதல் என் கீழே வேலை செய்கிறான். 1957 முதல் 1963 வரை எங்கள் சந்து டீமில் புட்பால் ஆடினான். அந்த டீமில் தையல்காரர்கள், கடைச் சிப்பந்திகள், ஒரு பேக்கரிக்காரன் எல்லாம் உண்டு. தோல் ஷாப்பிலிருந்து ஆடியவன் இவன் ஒருவன்தான். இவன் சென்டர் ஹாஃப். அதாவது நடுவில் நின்று, பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி, முன்னால் இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறவன். நான் தொட்டிக்கு ஆள் பிரிப்பது மாதிரிதான் அதுவும், ஆனால் நான் ஆளின் முகத்தைப் பார்த்துப் பிரிப்பேன், அவன் பார்க்காமலே பிரிப்பான். மாட்டுங்காவிலிருந்து வெள்ளை வேட்டி கட்டிய ஆபீஸ்காரர்கள் கூட ஞாயிற்றுக்கிழமைகளில் குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்று பார்ப்பார்கள். அவர்களில் ஒரு அய்யர், மன்சூர் பந்தை வாங்கும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொள்வார். அது வழக்குக்குச் சம்பந்தம் இல்லை என்று ஹவால்தார் சொன்னார். விட்டுவிட்டேன்.

ஆனால் மன்சூர் எல்லா ஞாயிறும் அப்படி ஆடுகிறவன் இல்லை. ஒரு ஞாயிறு அவன் ஆடினால் எதிராளிகளே கை தட்டுவார்கள். மறு ஞாயிறு பந்து காலில் பட்டுத் தெறித்துப் போகும், ஓட மாட்டான், நொண்டுகிற மாதிரி நடப்பான். இது ஏன் என்று நாகூர் கனி டீக்கடையில் வருஷக்கணக்காகப் பேச்சு நடந்தது, அவன் ஆட்டத்தை விட்ட பிறகும் நிற்கவில்லை. நாகூர் கனி அது கண்ணேறு என்பார். மன்சூரின் மனைவி ரஷீதாவிடம் சொல்லித் தாயத்துக் கூடக் கட்ட வைத்தார். தையல்கடை பிச்சை, ராத்திரி சினிமாவுக்குப் போய்விட்டு வந்த தூக்கக் கலக்கம் என்பான். பெரியநாயகம் அது திமிர் என்பார். டீமுக்கு ஜெர்சியும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்தவர் அவர், அதனால் அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

காரணம் எனக்குத் தெரியும். முதலில் எனக்கும் தெரியாது. 1960-ல்தான் கண்டுபிடித்தேன். எங்கள் ஷாப்பில் இரண்டு விதத் தொட்டி. ஒன்று சுண்ணாம்புத் தொட்டி, தோலிலிருந்து மயிர் கழற்றுவதற்கு. இன்னொன்று பட்டைத் தொட்டி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலைப் பதப்படுத்துவதற்கு. இரண்டிலும் ஆள் இறங்கி மிதிக்க வேண்டும். சுண்ணாம்பில் ஆறு நாள் நின்றால் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாகப் பிரிந்துவிடும். பட்டையில் நின்றால் கால் இறுகும், கறுக்கும், ஆணி குத்தினாலும் தெரியாது. சுண்ணாம்பில் நிற்க யாருக்கும் பிரியம் இல்லை, ஆகையால் ஒரு வாரம் சுண்ணாம்பு, ஒரு வாரம் பட்டை என்று முறை போட்டு வைத்திருந்தேன். மன்சூரின் நல்ல ஞாயிறு பட்டை வாரத்து ஞாயிறு. கெட்ட ஞாயிறு சுண்ணாம்பு வாரத்து ஞாயிறு. அந்தக் காலோடு பூட்ஸ் மாட்டினால் எப்படி ஓடுவான். தோல் ஷாப்காரன் காலை யாரும் பார்ப்பது இல்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு முக்கியமான ஆட்டம் வருகிற வாரங்களில் சத்தம் போடாமல் அவனைப் பட்டையில் போட்டேன்.

1961 மே மாதம் 14-ம் தேதி செம்பூர் டீமோடு கோடைக் கோப்பை இறுதி ஆட்டம். அதற்கு முந்தின வாரம், எங்கள் ஷாப்பிலேயே வேலை செய்த என் மனைவியின் தம்பி, ஊரில் கோயில் கொடை என்று லீவு கேட்டான். அவனுக்கு அது சுண்ணாம்பு வாரம். முதலில் முடியாது என்றேன். வீட்டில் கனகவள்ளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஆகையால் லீவு கொடுத்தேன். அன்று சாயங்காலமே எண்ணூறு ஆட்டுத்தோல் வந்து இறங்கிவிட்டது. சுண்ணாம்பில் போட்ட தோலை மிதிக்காமல் விட்டால் அழுகிப்போகும். ஆள் இல்லை. மன்சூரைப் போய் நிற்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். ஆறு நாள் நின்றான்.

ஞாயிறு காலை என் அறைக்கு வந்தான். கனகவள்ளி அவன் காலைப் பார்த்துவிட்டு, தன் பழைய சேலையைக் கிழித்து, தேங்காய் எண்ணெயில் நனைத்து விரல் விரலாகச் சுற்றிக் கொடுத்தாள். கேப்டனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "அண்ணே, ஒண்ணும் சொல்லாதிய. தெரிஞ்சா வெளிய உக்கார வச்சிருவாவ" என்று மன்சூர் சொன்னான். நான் சொல்லவில்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று சமமாக இருந்தது. முடிய நாலைந்து நிமிஷம் இருக்கும்போது பந்து எங்கள் கோலுக்கு முன்னால் மன்சூரிடம் உருண்டு வந்தது. அவன் காலைத் தூக்கவில்லை. நின்றான். செம்பூர்க்காரன் ஒருவன் வந்து பந்தை எடுத்துக் கோல் அடித்துவிட்டான். சாயங்காலம் என் அறையில் பூட்ஸைக் கழற்றும்போது துணி உள்ளேயே ஒட்டிக்கொண்டது. தண்ணீர் ஊற்றி ஊற வைத்து எடுத்தோம். பூட்ஸ் பெரியநாயகத்தினுடையது என்பதால் உள்ளே மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைத்து மறுநாள் திருப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகு மன்சூரை நான் சுண்ணாம்பில் இறக்கவே இல்லை. இரண்டு வருஷம் ஒரு ஞாயிறு குறையாமல் நன்றாக ஆடினான். ஆட்டத்தைச் செம்பூர்க்காரனிடம் விற்றவன் இப்போது பயந்து ஒழுங்காக ஆடுகிறான் என்று பெரியநாயகம் சொன்னார். அந்தப் பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது. பிறகு முழங்கால் போய் ஆட்டத்தை விட்டான்.

இனி நேற்று நடந்தது. சந்து டீமில் இப்போது எல்லாம் புதுப் பையன்கள். மழைக்கால ஆட்டத்துக்கு அவர்களைப் பழக்க ஒரு ஆள் வேண்டும் என்று டீக்கடையில் பேச்சு வந்தது. பெரியநாயகமும் பிச்சையும் நானும் வாசல் பெஞ்சில் இருந்தோம். மன்சூர் அடுப்புப் பக்கம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"மன்சூர விட்டா வேற ஆளு யாரு இருக்கா அண்ணாச்சி?" என்று நாகூர் கனி கேட்டார்.

"ஒரு நாளு சிங்கம், ஒரு நாளு சவம்னு ஆடுனவனயா? பயலுவளுக்கு எந்த நாளு ஆட்டத்தச் சொல்லிக் குடுப்பான்?" என்று பெரியநாயகம் சொன்னார்.

"ரெண்டையும் சொல்லிக் குடுக்கட்டும். ரெண்டு டீமா ஆக்கிருவோம்" என்று பிச்சை சொன்னான்.

"சும்மா கெடல. ரயில்வேக்காரனுவளோட ஆடும்போது குடுத்த பாஸ மறந்துட்டீரா அண்ணாச்சி? கண்ண மூடிக்கிட்டுல்லா குடுத்தான்" என்று நாகூர் கனி சொன்னார்.

"மூடுன கண்ண பைனல்லயும் தொறக்கல பாய். அதான் சங்கதி."

அதன் பிறகு பெரியநாயகம், எப்போதும் செய்கிற மாதிரி, இறுதி ஆட்டத்தைப் பெஞ்சில் வைத்துக் காட்டினார். சீனி டப்பா கோல். சாஸர் இரண்டும் செம்பூர்க்காரர்கள். காலி டீ கிளாஸ் மன்சூர். "பந்து வருது, பந்து வருது, நம்ம தொர நிக்காரு" என்று சொன்னார். மன்சூர் அடுப்புப் பக்கத்திலிருந்து வந்து, அந்த கிளாஸை இரண்டு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தி வைத்தான். "அங்ஙன இல்ல அண்ணாச்சி, இங்ஙனதான் நின்னேன்" என்றான். எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். பெரியநாயகம் சிரிக்கவில்லை.

"எடம் மறக்கல பாத்தியா? அவ்வளவு வெவரமா நின்னிருக்க. செம்பூர் டீமு சேட்டு என்னல குடுத்தான்? ஆறு வருசமா கேக்கேன். காலத் தூக்கி இந்த பெஞ்சுல வையி. வித்த கால ஊரு பாக்கட்டும்" என்றார்.

மன்சூர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பிறகு வலது செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி, கிளாஸுக்குப் பக்கத்தில் பெஞ்சில் வைத்தான். விரல் இடுக்கில் பழைய வெள்ளைத் தழும்பு எல்லாம் அப்படியே இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். அது என்ன தழும்பு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "காலு கெடக்கட்டும் அண்ணாச்சி, டீ ஆறுது" என்று சொல்லிவிட்டுப் பிச்சை குனிந்து சாஸர்களைப் பொறுக்க ஆரம்பித்தான். நாகூர் கனி அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். பெரியநாயகம் எழுந்து நின்று, அந்தக் காலை இரண்டு தட்டுத் தட்டி, சந்தையில் மாடு பிடிக்கிறவன் மாதிரி, "நல்ல வெல போயிருக்கும்" என்றார்.

அப்போது நான் எழுந்து, அவருக்கு இடப்பக்கமிருந்து, இரண்டு கையாலும் தள்ளினேன். கையில் ஆயுதம் எதுவும் இல்லை. வாசல்படி ஒரு முழ உயரம். அவர் கீழே சாக்கடை மூடிய கல்லில் நெற்றி பட விழுந்தார். மன்சூர் ஒற்றைச் செருப்போடு குதித்து அவரைத் தூக்கினான். அவர் கண் திறந்தபோது முதலில் தெரிந்தது மன்சூரின் முகம். "இவந்தாம்ல தள்ளுனான்" என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மற்ற இருவரும் அவர் விழுந்த பிறகுதான் பார்த்தார்கள். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது என்று இதிலே எழுதச் சொன்னேன்.

போலீஸ் வந்து, தள்ளினாயா என்று மன்சூரை இந்தியில் கேட்டார்கள். அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கூட்டிப் போகும்போது என் பக்கமாக வந்து, "அண்ணே, ஒண்ணும் சொல்லாதிய" என்றான். இதே வார்த்தையை 1961-லும் சொன்னான். அப்போது அவன் சொன்னபடி கேட்டேன். ராத்திரி கனகவள்ளி சோறு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். காலையில் சட்டையை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

பெஞ்சின் கீழே கிடந்த மன்சூரின் வலது செருப்பைக் கொண்டுவந்திருக்கிறேன். அவனை விடும்போது கொடுக்க வேண்டும். சுண்ணாம்புத் தொட்டி பற்றியது வழக்குக்கு வேண்டாம், அடித்துவிடலாம் என்று ஹவால்தார் சொன்னார். அதுதான் வேண்டும் என்று சொன்னேன். இதை டீக்கடையில் படித்துக் காட்டுவார்களா என்று கேட்டேன். கோர்ட்டில் படிப்பார்கள், வேண்டியவர்கள் அங்கே வந்து கேட்கலாம் என்று சொன்னார். நாகூர் கனிக்கும் பிச்சைக்கும் சொல்லி அனுப்புவேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பெரியநாயகத்துக்கும் சொல்வேன்.

எழுதியதை எனக்குத் தமிழில் ஒரு தடவை படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடிதான் இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொன்னது இல்லை. இதில் இருப்பது எல்லாம் நடந்தது, நடந்தபடியே சொன்னது.

13-3-1967, காலை மணி ஒன்பதரை.
சுடலை, இடது கைப் பெருவிரல் ரேகை.

எழுதியவர் குறிப்பு: ரேகை மூன்று தடவை வைத்தும் கோடு விழவில்லை, மைதான் அப்பியது. முகாதம் ஆவதற்கு முன் பதினாறு வருஷம் தானும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கையால் தோல் புரட்டியதாகவும், அதில் நின்றவர்களுக்கு ரேகை இராது என்றும் சொன்னார். வலது கைப் பெருவிரலும் வைக்கப்பட்டது. அதிலும் இல்லை.