தட்டு வைக்கும் கை

— சிரிக்காதடா. கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி வயிறெரிஞ்சு நின்னுட்டிருக்கேன்.

— சிரிக்கல அக்கா. இருமல்.

— ஆமா, துரைக்கு இருமல்! ஆபீஸ்ல எல்லாரும் ஒரே போனுக்குள்ள தலையை விட்டுட்டுச் சிரிக்கறாங்க. என்னன்னு எட்டிப் பாத்தேன். ஏதோ கேம்ல வர்ற காவல்காரனாம். அவனை வெச்சு ரசிகருங்க பண்ணின அனிமேஷனையெல்லாம் ஒண்ணா ஒட்டிப் போட்டிருக்காங்க. அதுல ஒரு கை, கதவுக்கு வெளிய தட்டை வெச்சுட்டுப் போகுது. அவன் திறக்கறான், தட்டை உள்ள இழுக்கறான், டமால்னு சாத்தறான். அதுக்கு உருண்டு புரண்டு சிரிக்கறாங்க.

— நான் வரைஞ்சு போட்டது மீம் ஆயிடுச்சு. நான் என்ன பண்ண?

— ஓரம் நசுங்கின தட்டுடா அது. நம்ம வீட்டுத் தட்டு.

— ம்.

— அந்தக் கை என்னுது.

— உன் கையை விட அது அழகு.

— கொழுப்பு! வேலை போனதுலேர்ந்து உள்ளயே கெடக்கறியே, என்ன பண்றியோ ஏது பண்றியோன்னு நான் பயந்து சாகறேன். நீ என்னடான்னா கூடப் பிறந்தவளையே ஊருக்குச் சிரிப்பாக்கிட்ட. அந்தக் கைக்கு ஒரு முகம்கூட வரையல.

— உன் முகத்தைப் பாத்து எவ்ளோ நாளாச்சு. எப்படி வரையறது?

— நல்லா இருக்கே நியாயம்! சாத்திக்கிட்டது நீ. நான் தட்டாத நாள் உண்டா? சரி விடு, சண்டை போட வரல. மாற்றல் வந்துடுச்சு, நாளைக்குக் கிளம்பறேன். ஒரே ஒரு தடவை மூஞ்சியைக் காட்டுடா. பாக்காமப் போனா அங்க எனக்குத் தூக்கமே வராது.

— அக்கா, நீ பாத்தது அந்தத் தொகுப்புதானே?

— ஆமா. அதுக்கென்ன?

— சிரிப்பு வர்ற இடத்தோட வெட்டிடுவாங்க. மீதியை யாரும் போடறதில்ல. நெட்ல என் பக்கத்துக்கு வந்து முழுசாப் பாக்கவும் ஆள் இல்ல.

— சாத்தினதுக்கப்புறம் என்னடா இருக்கு?

— தட்டை மடியில வெச்சுட்டுக் கதவோரமா உக்காந்திருப்பான். காலடிச் சத்தம் தூரமாப் போறதைக் கேட்டுட்டே இருப்பான்.

— எதுக்கு?

— ஒரு நாளாவது அந்தக் கை கதவைத் தள்ளிப் பாக்காதான்னுதான். அவன் தாழ்ப்பாளே போட மாட்டான் அக்கா. நானும் போட்டதில்ல.