விருத்தாசலத்தின் சட்டையில் பட்டது கம்ப்ரசர் தண்ணீர்

என் பெயர் சாந்திநாதன். வயது 46. தகப்பனார் பெயர் ஜினதாஸ் நயினார். திண்டிவனம் கிடங்கலில் குடியிருக்கிறேன். வீட்டுப் பின்கட்டில் சைக்கிள், தையல் மிஷின்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிக்கும் தொழில் செய்கிறேன். இன்று 12.06.1986 வியாழக்கிழமை, விசாரணைக்காக போலீஸ் நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் என் சிநேகிதர் விருத்தாசலம் சம்பந்தமாக நானாகவே வந்து சொல்வதாவது.

பெயிண்ட் அடிக்கக் காற்று தரும் கம்ப்ரசரின் டாங்கில் தண்ணீர் தேங்கும். அன்றாடம் திறந்துவிடாவிட்டால் அது காற்றோடு வந்து பெயிண்டில் கொப்புளம் போட்டுவிடும். நான் மறப்பதும், என் மனைவி கனகமணி குனிந்து திருகித் திறப்பதுமாகப் பத்து வருடம் ஓடிவிட்டது. சென்ற வாரம் விழுப்புரத்தில் பழைய லாரி சாமான் கடையில் ஒரு வால்வு வாங்கி வந்து, மூன்று நாள் மெனக்கெட்டு, மோட்டார் நிற்கும்போதெல்லாம் அதுவே திறந்து தண்ணீரைத் துப்பிவிட்டு மூடிக்கொள்ளும்படி இன்று காலை பொருத்தி முடித்தேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தெருவில் போனவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதன் பின்பு பதினொன்றரை மணிக்கு விருத்தாசலம் வந்தார். மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குபவர். அவர் மகள் செண்பகத்துக்குப் பூ வைக்க நாளைக் காலை கண்டமங்கலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று சொல்லிப் போக வந்தவர், இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். நான் அவரை விடவில்லை. டாங்கின் அருகில் குந்த வைத்தேன். மோட்டார் நின்றதும் வால்வு சீறி, துருவும் எண்ணெயும் கலந்த தண்ணீர் அவர் மார்பில் அடித்தது. "இன்னா நயினாரே, பூ வைக்கறதுக்கு முன்னாடியே மஞ்சத்தண்ணி ஊத்திட்டியே" என்றார். இருவரும் சிரித்தோம். பன்னிரண்டரை மணிக்குத்தான் அவர் கிளம்பினார்.

அதன் பின்பு, பன்னிரண்டு மணிக்குக் கடைத்தெருவில் ஒருவருக்கு வெட்டு விழுந்ததாகவும், அவ்வழியே வெற்றிலை பாக்கு வாங்கப் போன விருத்தாசலத்தின் சட்டைக் கறையை ரத்தம் என்று நினைத்துப் போலீஸார் அழைத்து வந்ததாகவும் கேள்விப்பட்டு ஓடி வந்தேன். மாப்பிள்ளை வீட்டார் காதுக்கு இது போனால் செண்பகத்தின் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பயந்தேன். நான் சொன்னதை ஏட்டு அரங்கநாதன் நம்பாமல், நேரில் பார்க்க என்னுடன் வீட்டுக்கு வந்தார். மோட்டாரை ஓட்டி நிறுத்தினேன். வால்வு சீறியது. கீழே நீட்டிய ஏட்டின் கையில் வெறும் ஈரம்தான் பட்டது. "கறை எங்கய்யா?" என்று கேட்டார்.

அதன் பின்பு கனகமணி சமையல்கட்டிலிருந்து வந்து, "அதுல நான் துணி கட்டிட்டேங்க" என்றாள். சின்ன உயிர் எதுவும் சாகக் கூடாது என்று எங்கள் ஜைனர் வீடுகளில் தண்ணீர்க் குழாயின் வாயில் வடிகட்டித் துணி கட்டுவது வழக்கம். "கீழ எறும்பு சாரி சாரியா போய்க்கினு இருந்துது. தண்ணி வேகமா அடிச்சா செத்துப்பூடும். அண்ணன் போனதும் கட்டினேன்" என்றாள். அவிழ்த்து விரித்த துணியில் சட்டையில் இருந்த அதே நிறம் இருந்தது. ஏட்டு இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். எறும்புகள் கடந்து முடியும்வரை கனகமணி மோட்டாரைப் போட விடவில்லை. ஏட்டும் எறும்புகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அதன் பின்பு ஓட்டி நிறுத்தியதில் அவர் காக்கி முழங்காலில் அதே கறை பட்டது. தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, சோப்பு இருக்கிறதா என்று கேட்டார்.

வெட்டு நடந்த நேரத்தில் விருத்தாசலம் என் வீட்டில் இருந்தார். வால்வு பொருத்தியதில் எனக்கு இப்போதும் சந்தோஷமே. என் பெருமையைக் காட்ட அவரைக் குந்த வைத்ததற்குத்தான் வெட்கப்படுகிறேன். துணியை இத்துடன் ஒப்படைக்கிறேன். என்னுடைய வெள்ளைச் சட்டை ஒன்றும் மடிப்புக் கலையாமல் கொண்டு வந்திருக்கிறேன். அவரை அனுப்பும்போது அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து போக விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதில் பொய் இல்லை.

(ஒப்பம்) ஜி. சாந்திநாதன்