ஜீப்பின் பின்சீட்டு

பேச்சிப்பாறை பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு மெக்கானிக்கும் ஒரு ஜீப்காரரும். காலடியில் சாக்கு நிறைய பழைய சாமான். அடுத்தவர் பேச்சைக் கேட்பது மரியாதையில்லைதான். ஆனால் இருவருக்கும் தொண்டை பெரிசு.

“மழைக்கு முன்ன நாலு வீலும் இழுக்கணும் அண்ணே. மலைல ஒரே சேறு.”

“இழுக்கும் மக்கா. டயரும் மாத்திருவோம்.”

“பின்சீட்ட அறுத்து எடுத்திருங்க.”

“பெறவு ஆளுவ எதுல இருக்கும்?”

“இருக்காண்டாம். ஒரு ஆளு காலு நீட்டிப் படுக்கணும்.”

மெக்கானிக் சிரித்தார். “ஜீப்புல என்னலே படுக்க?”

“போன மழைல வீட்டுக்காரிய ஆஸ்பத்திரிக்கு அந்தச் சீட்டுல மடக்கிப் போட்டுல்லா கொண்டுபோனேன். பாதி வழியில வண்டி சேத்துல புதைஞ்சிட்டு. அங்கயே போயிட்டா.”

மெக்கானிக் காலடிச் சாக்கை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“பெட்டியில வைக்கும்ப காலு நிமிரல்ல அண்ணே.”