மூன்று நீலக் கதிரை

— பட்டியலை மேலையிருந்து கீழை இரண்டு தரம் வாசிச்சுக் காட்டிப்போட்டன், சீவரத்தினமையா. உங்கடை மகள் சாருஜாவின்ரை பேர் இதிலை இல்லை.

— மூண்டாந்தரமும் வாசி, பிள்ளை. எழுத்துத் தெரியாதவன் எண்டு ஏமாத்தாதை.

— உங்களை ஏமாத்தி எனக்கென்ன? தையல் பயிற்சிக்குப் பன்னிரண்டு இடம், விண்ணப்பம் தொண்ணூறு. சொந்தக் காலிலை நிக்க வழியில்லாத ஆக்களுக்குத்தான் முதலிடம்.

— அவளுக்கு வாற மாசியோடை முப்பத்தஞ்சு. அதுக்குப் பிறகு எடுக்கமாட்டம் எண்டு நீதானே சொன்னனி. புருசன் விட்டிட்டுப் போட்டான். கொடிகாமம் சந்தையிலை அழுகின தக்காளி பிரிக்கிறாள். அவளுக்கு வழியிருக்கெண்டு உனக்கு ஆர் சொன்னது?

— நீங்கள்தான்.

— நானோ?

— உங்கடை வீடு பாக்க வந்த அண்டு, என்ன குறை எண்டு கேட்டன். ‘முருகன் புண்ணியத்திலை ஒரு குறையுமில்லை’ எண்டு சொன்னனீங்கள். அப்பிடியே எழுதினனான்.

— விசர்க்கதை கதையாதை! வாசலுக்கு வந்த மனுசருக்கு வேறை என்ன சொல்லுறது? படலை திறக்க முதலே ஒப்பாரி வைக்கிறதோ?

— மற்றவை வைச்சவை, ஐயா.

— வைப்பினம், வைப்பினம். அவள் உதிலை வெளியிலை நிக்கிறாள். இடம் கிடைச்ச மாதிரிக் கத்தரிக்கோலும் வாங்கி வைச்சிருக்கிறாள்.

— நல்லவேளை அண்டைக்கு அதைக் காட்டேல்லை. உடமையெண்டு அதையும் பதிஞ்சிருப்பன். இந்தப் படத்தைப் பாருங்கோ. பால் தேத்தண்ணி, பிஸ்கட், மூண்டு நீலக் கதிரை. பொலித்தீன்கூடக் கழட்டேல்லை.

— ஐயோ, அது எங்கடை கதிரையில்லைப் பிள்ளை! பக்கத்து வீட்டு இளையதம்பியின்ரை. பால்மாவும் அவன் தந்ததுதான்.

— அண்டைக்கே சொல்லியிருக்கலாமே.

— இரவல் கதிரை எண்டு சொல்லிக்கொண்டு ஆர் விருந்தாளியை இருத்துவான்?

— நான் விருந்தாளியில்லை, ஐயா. படம் கொழும்புக்குப் போட்டுது. இனி மாத்தேலாது.

— இளையதம்பியைக் கூட்டிக்கொண்டு வாறன். அவன் சாட்சி சொல்லுவான். நான் ஒருத்தரையும் நம்பாத ஆள். ஊரிலை அவன் ஒருத்தன்தான் எனக்கு மனுசன்.

— அவர் வரமாட்டார்.

— ஏன் வரமாட்டான்?

— உங்கடை குறிச்சிக்கு ஒரு இடம்தான். அது அவரின்ரை மகள் கீர்த்திகாவுக்குக் கிடைச்சிருக்கு.

— கீர்த்திகாவுக்கோ! தமையன் கனடாவிலையல்லே!

— அதை அவை சொல்லேல்லை. உங்கடை வீட்டாலை நேரே அங்கைதான் போனனான். பாவம், என்னை இருத்த ஒரு கதிரையில்லை. பாயை விரிச்சுப்போட்டு மனுசன் கண் கலங்கிக்கொண்டு நிண்டவர். வெறுந் தேத்தண்ணி, சீனிகூட இல்லை.

— அவன்ரை சீனிப் போத்தலும் அண்டைக்கு எங்கடை குசினியிலைதான் கிடந்தது.

— அப்ப உங்கடை பிழைதானே? உள்ளதை உள்ளபடி வைச்சிருக்காமல், ஏன் ஊரானிட்டைப் போய்க் கதிரை கேட்டனீங்கள்?

— நான் எங்கை கேட்டனான், பிள்ளை? நீ வாற அண்டு விடியவே, அவன்தான் தன்ரை கையாலை தூக்கிக்கொண்டு வந்து போட்டவன்.