தாலி கட்டும் நேரத்தில் ஒரு முதுகு

"தாலி கட்டுற நேரத்துல என் வீடியோவுல வெறும் முதுகுதான் மச்சா தெரியுது."

தொம்மலூரில் நான் ஏறிய பஸ்ஸில், முன் சீட்டில் கேமரா பையை மடியில் வைத்திருந்தவன் சொன்னான். பக்கத்தில் அவனுடைய நண்பன்.

"யாரு முதுகு?"

"பொண்ணோட அப்பா. கரெக்டா கேமராவுக்கு முன்னால வந்து நின்னுட்டாரு."

"நகருங்கன்னு சொல்ல வேண்டியதுதானே? எங்க அக்கா கல்யாணத்துல எங்க சித்தப்பாவையே 'யோவ், குந்துய்யா'ன்னு கத்துனியே!"

"அது ஓசில எடுத்தது, யார வேணாலும் திட்டலாம். இது காசு வாங்கி எடுக்குற மொதக் கல்யாணம். காசு குடுக்குறவர எப்பிடி குந்துன்னு சொல்றது? 'சார், ஸ்வல்ப பக்கக்கே பன்னி', கொஞ்சம் தள்ளி வாங்கன்னு கன்னடத்துல கெஞ்சினேன். மேளச் சத்தத்துல அவர் காதுல விழல."

"இப்ப என்ன சொல்றாரு?"

"முதுக எடிட்டிங்ல எடுத்துடுங்கறாரு. எடுத்தா அதுக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல மச்சா."

"பேசாம, விட்டுட்டு வந்த பொம்மசந்திரா ஃபேக்டரிக்கே திரும்பிப் போயிடேன்."

"கேட்டேன். என் எடத்துல வேற ஆள் போட்டுட்டாங்களாம்."

ஒக்கலிபுரம் வந்தது. இருவரும் இறங்க எழுந்தார்கள். நண்பன் சட்டென்று இறங்கிவிட்டான். அதற்குள் தடித்த ஆள் ஒருவர் வழியை அடைத்து நின்றுகொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி போனில் பேச ஆரம்பித்திருந்தார். கேமராக்காரன் பையை அணைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றான்.

"சார்," என்றான். கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக, "சார்."

பஸ் கிளம்பிவிட்டது.